கோச் ‘ஆஃபர்’ என்றால் என்ன அர்த்தம்? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ரெக்ரூட்டிங், புதிதாக வரும் பெற்றோருக்கு

என் மகனுக்கு முதல் ஆஃபர் வந்தது அவன் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாட்டு நேரத்தில். போனை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனவன் பத்து நிமிடம் கழித்து முகமெல்லாம் சிரிப்போடு வந்தான். “அப்பா, ஆஃபர் பண்ணிட்டாங்க.” “லெட்டர் எங்கே?” என்று கேட்டேன். உதவித்தொகையோடு எங்கள் அணியில் இடம் தருகிறோம் என்று கல்லூரி சொல்வதுதான் இங்கே ஆஃபர். எனக்குத் தெரிந்த ஆஃபரில் லெட்டர் இருக்கும், சம்பளம் இருக்கும், சேர வேண்டிய தேதி இருக்கும். இதில் ஒன்றும் இல்லை. கோச் வாயால் சொன்னார், அவ்வளவுதான். அரைமணி நேரத்தில் அந்தக் கல்லூரிச் சின்னத்தோடு ஒரு படம் தயாரித்து, கடவுளுக்கு நன்றி சொல்லும் வழக்கமான வாசகத்தோடு எக்ஸ் தளத்தில் போட்டுவிட்டான். டிசம்பரில் அந்தக் கோச் வேறு கல்லூரிக்கு மாறினார். ஆஃபரும் கூடவே போயிற்று. “இல்லை” என்று சொல்லக்கூட யாரும் கூப்பிடவில்லை. மெசேஜுக்குப் பதில் வருவது நின்றது, அதிலிருந்து நாங்களாகப் புரிந்துகொண்டோம்.

முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடும் இந்த ஊர் ஃபுட்பாலையும், பள்ளிப் பையன்களைக் கல்லூரி அணிகள் தேடி எடுக்கும் ரெக்ரூட்டிங்கையும் பார்த்து வளராத பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். நானே ரேடியோவில் கிரிக்கெட் கமென்டரி கேட்டு வளர்ந்தவன். டெக்ஸஸில் வெள்ளிக்கிழமை இரவு ஊரே ஸ்டேடியத்தில் இருக்கும் என்பது வீடு வாங்கிய பிறகுதான் தெரியும்.

முதல் வேலை: பையன் எந்தத் தட்டு?

அமெரிக்கப் பள்ளிகளில் ஃபுட்பால் ஆடுகிறவர்கள் ஏறக்குறைய பத்து லட்சம் பேர். அவர்களில் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் சங்கமான என்சிஏஏவின் கல்லூரி அணிகளுக்குப் போவது நூற்றுக்கு ஏழு பேர் அளவில். அதன் மேல் பிரிவான டிவிஷன் 1 என்றால் சுமார் மூன்று பேர். இதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொண்டால் பின்னால் வரும் பல ஏமாற்றங்கள் குறையும்.

டிவிஷன் 1-க்குள்ளேயே இரண்டு தட்டு உண்டு. மேலே எஃப்பிஎஸ்: டிவியில் பார்க்கிற அலபாமா, ஜார்ஜியா, ஒஹையோ ஸ்டேட், டெக்ஸஸ் எல்லாம் இங்கே. மொத்தம் 130-க்கு மேல் கல்லூரிகள். அதற்குக் கீழே எஃப்சிஎஸ்: மொன்டானா, ஈஸ்டர்ன் வாஷிங்டன் போன்றவையும் ஐவி லீக்கும் இதில் வரும். டிவிஷன் 2-ல் விளையாட்டு உதவித்தொகை உண்டு, ஆனால் பெரும்பாலும் பல பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். டிவிஷன் 3-ல் விளையாட்டுக்கென்று ஒரு டாலர் கிடையாது. படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவி மட்டும். ஐவி லீக்கிலும் விளையாட்டு உதவித்தொகை இல்லை. இவை தவிர என்ஏஐஏ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தனிச் சங்கத்துக் கல்லூரிகளும், இரண்டு வருட ஜூனியர் கல்லூரிகளும் இருக்கின்றன.

டிவிஷன் 3 என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். எம்ஐடி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ், கார்னகி மெலன், சிகாகோ பல்கலைக்கழகம் எல்லாம் ஃபுட்பால் ஆடுவது அங்கேதான். கல்லூரி ஃபுட்பாலின் உச்ச விருதான ஹைஸ்மன் கோப்பையை 1935-ல் முதன்முதலாக வாங்கிய ஜே பெர்வாங்கர் சிகாகோ பல்கலைக்கழக ஆட்டக்காரர். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்குச் சொல்ல இந்தக் கல்லூரிப் பெயர்களே போதும், டிவிஷன் பற்றி அவர்கள் கேட்கப் போவதில்லை.

பையன் எந்தத் தட்டு என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி. அவன் ஆசைப்படும் கல்லூரியின் அணிப் பட்டியலைத் திறந்து, அவன் ஆடும் இடத்தில் இருக்கும் முதல் வருட மாணவர்களின் உயரம், எடையைப் பாருங்கள். அவர்கள் எந்தப் பள்ளியிலிருந்து வந்தார்கள், பள்ளியில் என்ன சாதித்தார்கள் என்று தேடுங்கள். அப்புறம் பள்ளிக் கோச்சிடம் தனியாகப் போய், “மனசு நோகுமே என்று பார்க்காமல் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். எந்தத் தட்டுக் கோச்சுகள் அவனுக்குத் தாங்களாகவே மெசேஜ் அனுப்புகிறார்களோ, அதுதான் அவன் தட்டு. அதிகம் போனால் ஒரு படி மேலே.

நட்சத்திரக் கணக்கு ஒன்று உண்டு. 247ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ், ஈஎஸ்பிஎன் போன்ற நிறுவனங்கள் பையன்களுக்கு இரண்டு முதல் ஐந்து நட்சத்திரம் வரை கொடுக்கின்றன. 247ஸ்போர்ட்ஸ் ஐந்து நட்சத்திரத்தை வருடத்துக்கு 32 பேர் அளவில் நிறுத்துகிறது. தொழில்முறை லீக்கான என்எஃப்எல், கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றில் 32 இடம் என்பதால் அந்தக் கணக்கு. உங்கள் பையன் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரமே இல்லையா? கேம் வார்டுக்கும் இல்லை. டெக்ஸஸில் வெஸ்ட் கொலம்பியா என்ற சிற்றூர்ப் பள்ளியில் குவார்ட்டர்பேக்காக (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவராக) இருந்தார். அந்தப் பள்ளி ஓட்டத்தையே நம்பும் பழைய பாணியில் ஆடியதால் அவர் பந்தை எறிந்த தடவைகளே குறைவு. எஃப்சிஎஸ் கல்லூரியான இன்கார்னேட் வேர்ட் மட்டும்தான் ஆஃபர் கொடுத்தது. அங்கிருந்து வாஷிங்டன் ஸ்டேட், பிறகு மயாமி, 2025 என்எஃப்எல் டிராஃப்டில் முதல் ஆள். லட்சத்தில் ஒருவர் கதைதான். ஆனாலும் நட்சத்திரத்தைக் கணக்குப் போடுகிறவர்கள் எதைப் பார்க்கத் தவறுகிறார்கள் என்பது இதில் தெரிகிறது: பையன் எங்கே, எந்த ஆட்டப் பாணியில் ஆடினான் என்பதை.

மார்க்: நாம் அலட்சியமாக விடுகிற இடம்

“நம்ம பையன் மார்க்கைப் பற்றி என்ன கவலை” என்று நானும் நினைத்தேன். சிக்கல் மார்க்கில் இல்லை, எந்தப் பாடம் எப்போது முடிந்தது என்பதில் இருக்கிறது. டிவிஷன் 1-க்கும் 2-க்கும் என்சிஏஏ தகுதி மையத்தில் பதிவு செய்ய வேண்டும். ஒன்பதாம் வகுப்பு முதல் 16 மையப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும். டிவிஷன் 1-க்கு அவை: ஆங்கிலம் நான்கு வருடம், கணக்கு மூன்று, அறிவியல் இரண்டு, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் கூடுதலாக ஒரு வருடம், சமூக அறிவியல் இரண்டு, மற்றவை நான்கு. டிவிஷன் 1-க்கு மையப் பாடங்களின் சராசரி (ஜிபிஏ, 4-க்கு) 2.3, டிவிஷன் 2-க்கு 2.2. பிடி எங்கே என்றால், டிவிஷன் 1-க்கு இந்த 16-ல் பத்துப் பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடித்தாக வேண்டும். அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலம், கணக்கு, அறிவியலாக இருக்க வேண்டும். அந்த மார்க்குகள் அப்படியே பூட்டப்பட்டுவிடும். பிறகு திரும்ப எழுதி உயர்த்திக்கொள்ள முடியாது.

பள்ளியில் நடக்கும் எல்லாப் பாடமும் மையப் பாடம் ஆகாது. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒப்புதல் பெற்ற பட்டியல் தனியாக இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புத் தொடக்கத்திலேயே கவுன்சிலரிடம் அதை வாங்கிக்கொள்ளுங்கள். சமீபத்தில் அமெரிக்கா வந்த குடும்பம் என்றால் இன்னொன்று: ஒன்பதாம் வகுப்பைச் சென்னையிலோ கோவையிலோ படித்திருந்தால் அந்த மதிப்பெண் சான்றிதழும் வேண்டும். ஆவணம் தமிழில் இருந்தால் சான்றளித்த மொழிபெயர்ப்பும் சேர்த்து அனுப்ப வேண்டும். பழைய பள்ளியில் இதைக் கேட்டு வாங்க எத்தனை நடை நடக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். கடைசி வருடம் வரை தள்ளிப்போடாதீர்கள்.

2023 முதல் தகுதிக்கு எஸ்ஏடி, ஏசிடி தேர்வுகளை என்சிஏஏ கேட்பதில்லை. கல்லூரி கேட்கலாம், அது வேறு. டிவிஷன் 3-ல் முடிவெடுப்பது கல்லூரியின் சேர்க்கை அலுவலகம்தான். அங்கே நல்ல மார்க் என்பது நேராகப் பணம்.

ஃபிலிம், கேம்ப், ஒரு முக்கால் அங்குலம்

கோச்சுகள் பையனை முதலில் பார்ப்பது ஹட்ல் என்ற தளத்தில் ஏற்றும் வீடியோவில். மூன்று, நான்கு நிமிடம் போதும். சிறந்த ஆட்டம் முதலில் வர வேண்டும். கதை மாதிரி மெல்லச் சூடு பிடிக்கட்டும் என்று கடைசிக்கு வைக்காதீர்கள், அதுவரை யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு காட்சியும் தொடங்கும் முன் இவன்தான் என்று வட்டமோ அம்புக்குறியோ போடுங்கள். பெயர், ஆடும் இடம், ஜெர்சி எண், உயரம், எடை, ஜிபிஏ, பள்ளிக் கோச்சின் போன் எண் முதல் திரையிலேயே இருக்கட்டும். பின்னணியில் கெட்ட வார்த்தைப் பாட்டு வேண்டாம். உண்மையாகவே ஆர்வம் உள்ள கோச், “முழு மேட்ச் அனுப்பு” என்பார். அதில்தான் பந்து தன் பக்கம் வராதபோது பையன் என்ன செய்கிறான் என்று பார்ப்பார்.

கோச்சுக்கு மின்னஞ்சல் எழுத வேண்டியது பையன். அப்பா எழுதினால் இரண்டு வரியிலேயே தெரிந்துவிடும். கலிஃபோர்னியாவில் ஃபயர்பா என்ற விவசாய ஊரிலிருந்து வந்த ஜாஷ் ஆலனுக்குப் பள்ளி முடிந்தபோது ஒரு எஃப்பிஎஸ் ஆஃபர்கூட இல்லை. ரீட்லி என்ற ஜூனியர் கல்லூரியில் ஆடிக்கொண்டே நாடு முழுவதும் உள்ள கோச்சுகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். வையோமிங் எடுத்துக்கொண்டது. 2018 டிராஃப்டில் ஏழாவது ஆளாகப் போனார்.

ஜூன் மாதம் கல்லூரிகள் கேம்ப் நடத்தும். என் மகன் போன முதல் கேம்ப் நன்றாக நினைவிருக்கிறது. காலை எட்டு மணிக்கே செயற்கைப் புல் சுட்டது. முந்நூறு பையன்கள், எல்லோருக்கும் ஒரே வெள்ளை டிஷர்ட், முதுகில் எண். கூடாரத்துக்குள் ஷூவைக் கழற்றச் சொல்லி, சுவரோடு நிற்கவைத்து, தலையில் கட்டையை வைத்து அளந்தார்கள். பள்ளிப் பட்டியலில் அவன் 6 அடி 1 அங்குலம். அளந்த மாணவர் சத்தமாகப் படித்தார்: “ஐந்து பதினொன்று முக்கால்.” பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டார். அடுத்து கை நீளம், உள்ளங்கை அகலம், நாற்பது கஜ ஓட்டம். பள்ளிப் பட்டியல்கள் எல்லாமே ஓர் அங்குலம் கூட்டித்தான் போடுகின்றன என்பது கோச்சுகளுக்குத் தெரியும். அதனால் நீங்களே சரியாக அளந்து சொல்லிவிடுங்கள். பொய்க்கணக்கு பையன் மேல்தான் விழும்.

கேம்ப் அழைப்பு வந்ததாலேயே கல்லூரிக்கு ஆசை என்று அர்த்தமில்லை. ஆயிரக்கணக்கானவர்களுக்கு அது ஒரே நேரத்தில் போகும், கட்டணமும் வாங்குவார்கள். அவன் ஆடும் இடத்தைப் பயிற்றுவிக்கிற கோச் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், “மூன்றாவது மேட்ச்சில் நீ வெளியே தள்ளினாயே அந்த ஆட்டம்” என்று குறிப்பிட்டால், போங்கள். அப்படி மூன்று நான்கு கேம்ப் போதும்.

ரெக்ரூட்டிங் சேவை என்று சொல்லிக்கொண்டு, “உங்கள் பையனை 500 கல்லூரிகளுக்கு அறிமுகப்படுத்துகிறோம்” என்று போன் செய்வார்கள். நான் ஒன்றுக்குப் பணம் கட்டினேன். அறிமுகம் என்பது ஒரு மொத்த மின்னஞ்சல். அதை மகன் ஞாயிற்றுக்கிழமை மதியம் இலவசமாகச் செய்திருப்பான்.

குறுக்கே ஒரு வார்த்தை: நம் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் சாக்கர் ஆடிப் பழகிப் பின்னாளில் கிக்கராக மாறுகிறார்கள். கிக்கர்களுக்கான வழி வேறு. ஆஃபர் மிகவும் தாமதமாக வரும், பல கல்லூரிகள் முதலில் உதவித்தொகை இல்லாமலே எடுத்துக்கொள்ளும். வேறு இடத்தில் ஆடும் நண்பனின் காலக்கெடுவோடு ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம்.

யார் எப்போது பேசலாம்

பதினொன்றாம் வகுப்பு செப்டம்பர் 1 முதல் டிவிஷன் 1 கோச்சுகள் பையனுக்கு மெசேஜ், மின்னஞ்சல் அனுப்பலாம். அதே வருடம் ஏப்ரல் 1 முதல் அஃபிஷியல் விசிட் (கல்லூரிச் செலவில் போய்ப் பார்ப்பது) தொடங்கலாம். நடுவே வருடத்தை நான்கு வகைக் காலமாகப் பிரித்திருக்கிறார்கள். கான்டாக்ட் காலத்தில் கோச் வீட்டுக்கே வரலாம். எவாலுவேஷன் காலத்தில் பள்ளிக்கு வந்து பார்க்கலாம், உட்கார்ந்து பேசக் கூடாது. குவைட் காலத்தில் கல்லூரி வளாகத்தில் மட்டும் சந்திக்கலாம். டெட் காலத்தில் நேரில் எதுவும் இல்லை, போனும் மெசேஜும் மட்டும்.

இது தெரியாமல் எங்கள் வீட்டில் ஒரு கூத்து. மே மாதம் ஒரு கோச் பள்ளிக்கு வந்து, பயிற்சியை ஒரு மணி நேரம் பார்த்து, மகனைப் பார்த்து “ஹாய்” சொல்லிவிட்டுப் போய்விட்டார். “பிடிக்கவில்லை போல” என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அது எவாலுவேஷன் காலம். அதற்கு மேல் அவர் பேசியிருந்தால் விதிமீறல்.

ஆஃபரைப் படிக்கும் விதம்

கோச்சின் அறையில் ஒரு பலகை இருக்கும், கண்ணால் பார்க்க விடமாட்டார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் பெயர்கள் வரிசையாக இருக்கும். அந்த வருடம் இரண்டு சேஃப்டி (பின்களத்தில் நின்று தடுக்கும் ஆட்டக்காரர்) வேண்டும் என்றால் பத்துப் பேருக்கு ஆஃபர் கொடுத்திருப்பார்கள். உங்கள் பையன் ஏழாமவன் என்றால், முதல் ஆறு பேரில் ஐந்து பேர் வேறு எங்காவது போனால்தான் அந்த ஆஃபருக்கு உயிர் வரும். இதில் மோசடி என்று எதுவும் இல்லை. இந்த வியாபாரம் இப்படித்தான். கல்யாணப் பந்தியில் இலை போட்டிருந்தாலும் நமக்குச் சோறு வரும் வரை உறுதியில்லை, அது மாதிரி.

அதனால் பையன் மூன்று கேள்வி கேட்க வேண்டும். அவனே கேட்க வேண்டும், நீங்கள் அல்ல. ஒன்று: “இன்றைக்கே நான் கமிட் செய்தால், அதாவது உங்கள் கல்லூரிக்கே வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தால், ஏற்றுக்கொள்வீர்களா?” இரண்டு: “இந்த வருடம் என் இடத்துக்கு எத்தனை பேர், ஏற்கெனவே எத்தனை பேர் கமிட் ஆகியிருக்கிறார்கள்?” மூன்று: “முழு உதவித்தொகையா, பகுதியா, எத்தனை வருடத்துக்கு?” முதல் கேள்விக்கு ஆமாம் என்று உடனே வராமல், “நீ வந்து பார், கேம்ப்பில் ஒரு தடவை பார்க்க வேண்டும்” என்று இழுத்தால் அது ஆஃபர் இல்லை, துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு கோச் எங்களிடம், “நீ என் பட்டியலில் நான்காமவன். மூன்று பேர் முடிவு செய்யும் வரை காத்திருக்க முடிந்தால் இரு, முடியாவிட்டால் நான் தப்பாக நினைக்க மாட்டேன்” என்றார். அவர் மேல் இன்றைக்கும் எனக்கு மரியாதை உண்டு.

கமிட் என்பதும் வாய்ச்சொல்தான், இரண்டு பக்கமும். கல்லூரி கைவிடலாம், பையனும் மாறலாம். 2021 டிசம்பரில் நாட்டின் முதல்நிலை ஆட்டக்காரரான டிராவிஸ் ஹன்டர், ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு வெகுநாளாகக் கமிட் ஆகியிருந்தவர், கையெழுத்து நாளன்று எஃப்சிஎஸ் கல்லூரியான ஜாக்ஸன் ஸ்டேட்டைத் தேர்ந்தெடுத்தார். அங்கே தலைமைக் கோச் டியான் சாண்டர்ஸ். அவர் கொலராடோவுக்கு மாறியபோது ஹன்டரும் கூடப் போய், 2024-ல் ஹைஸ்மன் வாங்கினார்.

வேறு சில சொற்களும் காதில் விழும். ‘பிரிஃபர்ட் வாக்-ஆன்’ என்றால் அணியில் இடம் உண்டு, பணம் இல்லை. ‘கிரேஷர்ட்’ என்றால் ஆகஸ்டில் சேராதே, ஜனவரியில் வா. ‘ரெட்ஷர்ட்’ என்றால் ஒரு வருடம் பயிற்சி மட்டும் எடுத்து, ஆடும் வருடத்தை மிச்சம் வைப்பது. வாக்-ஆனாகப் போய் மேலே வந்தவர்கள் உண்டு: ஜார்ஜியாவில் அப்படி நுழைந்த ஸ்டெட்சன் பென்னட், நடுவில் ஒரு வருடம் ஜூனியர் கல்லூரிக்குப் போய்த் திரும்பி, 2021, 2022 இரு பருவங்களிலும் அணியைத் தேசியச் சாம்பியன் ஆக்கினார். ஆனால் அந்தக் கதவு இப்போது குறுகிவிட்டது. கல்லூரி ஆட்டக்காரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் என்ற வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, அதில் சேர்ந்த கல்லூரிகளின் ஃபுட்பால் அணியில் 105 பேர்தான் இருக்கலாம். முன்பு எஃப்பிஎஸ்ஸில் 85 முழு உதவித்தொகையும் அதற்கு மேல் எத்தனையோ வாக்-ஆன்களும் இருந்தார்கள்.

இன்னொரு நெருக்கடி டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், அதாவது கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் பட்டியல். ஏற்கெனவே கல்லூரியில் ஆடித் தேறிய 21 வயது ஆளை அதன் வழியே எடுக்க முடியும்போது, 17 வயதுப் பையனை வளர்க்க எத்தனை கோச்சுக்குப் பொறுமை இருக்கும்? அதனால்தான் எஃப்சிஎஸ், டிவிஷன் 2 ஆஃபரை ஏளனமாகப் பார்க்காதீர்கள் என்கிறேன். பெஞ்சில் உட்கார்ந்த இரண்டு வருடத்தைவிட, களத்தில் ஆடிய இரண்டு வருட ஃபிலிம்தான் பின்னால் மேலே போகவும் உதவும்.

விசிட்: பெண் பார்க்கும் படலம்

செலவைக் கல்லூரி ஏற்பது அஃபிஷியல் விசிட். டிவிஷன் 1-ல் அதிகபட்சம் இரண்டு இரவு, ஒரு கல்லூரிக்கு ஒரு தடவை. முன்பு மொத்தம் ஐந்துதான் என்றிருந்த வரம்பை 2023-ல் எடுத்துவிட்டார்கள். நம் செலவில் போவது அன்அஃபிஷியல், அதற்கு எண்ணிக்கை இல்லை.

பெண் பார்க்கப் போகிற வீட்டில் பஜ்ஜி எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். இங்கே பஜ்ஜிக்குப் பதில் அணி ஜெர்சியைப் போட்டு, கலர் விளக்கில் போட்டோ எடுப்பார்கள். லாக்கரில் பெயர் எழுதி வைத்திருப்பார்கள். இரவு விருந்தில் பிரிஸ்கெட் மலை மாதிரி வந்தது. சைவம் மட்டும் சாப்பிடும் என் மனைவி சோள ரொட்டியையும் கோல்ஸ்லாவையும் வைத்து இரண்டு மணி நேரம் ஓட்டினாள். அதைக் கவனித்து மறுநாள் காலை அவளுக்காகத் தனியாகத் தட்டு ஏற்பாடு செய்தது தலைமைக் கோச் அல்ல, அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மா. எந்தக் கல்லூரியிலும் அந்த மாதிரி ஒருவர் யார் என்று கண்டுபிடித்துப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். மகனுக்குக் காய்ச்சல் வந்தால் நீங்கள் கூப்பிடப்போவது அவரைத்தான்.

போட்டோவை விட்டுவிட்டுப் பயிற்சியைப் பார்க்கக் கேளுங்கள். யாராவது பந்தைத் தவறவிட்டதும் கோச் என்ன செய்கிறார் என்று பாருங்கள். கத்துவது பெரிய விஷயம் இல்லை, கத்திய பிறகு சொல்லிக் கொடுக்கிறாரா என்பதுதான். மூன்றாம் வரிசையில் நிற்கும் பையன்களுக்கு யாராவது பயிற்சி கொடுக்கிறார்களா, சும்மா வேடிக்கை பார்க்க விட்டிருக்கிறார்களா? உங்கள் பையன் முதல் வருடம் நிற்கப்போகிற இடம் அது.

படிப்பைப் பற்றிப் பேசும்போது, “எல்லா மேஜரும் படிக்கலாம்” என்பார்கள். “இப்போது அணியில் எத்தனை பேர் மெக்கானிகல் இன்ஜினியரிங் படிக்கிறார்கள், அவர்களில் ஒருவரோடு பேசலாமா?” என்று கேளுங்கள். மதிய லேப் வகுப்பும் மதியப் பயிற்சியும் மோதும் இடம் அது. ஒரு கல்லூரியில் அந்தக் கேள்விக்குப் பிறகு பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. எங்கள் பட்டியலிலிருந்து அதை அப்போதே எடுத்துவிட்டோம். காயம் பட்டால் உதவித்தொகை என்ன ஆகும், சிகிச்சைச் செலவு யார் தலையில், வேறு மருத்துவரிடம் காட்டலாமா என்பதையும் வெட்கப்படாமல் கேளுங்கள்.

பையனை இரவு தங்கவைக்க ஒரு மாணவரை ஒப்படைப்பார்கள். கோச்சுகள் சொல்லாத எல்லாம் அங்கேதான் கிடைக்கும். என் மகன் திரும்பி வந்து சொன்னது: “காலை அஞ்சேகாலுக்கு வெயிட் ரூம். ஞாயித்துக்கிழமை மட்டும்தான் தூக்கம். ஆனா அந்த அண்ணா தப்பிச்சுப் போகணும்னு சொல்லலை.”

பணம், விசா

2021 ஜூலை முதல் மாணவர்கள் தங்கள் பெயர், முகம் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம், அதுதான் என்ஐஎல். 2025 ஜூலை முதல் ஹவுஸ் உடன்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளே நேரடியாகவும் பணம் தரலாம். முதல் வருடத்துக்கு ஒரு கல்லூரியின் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். இதைப் படித்ததும் கண்ணில் டாலர் தெரிய வேண்டாம். பெரும்பங்கு குவார்ட்டர்பேக் போன்ற சிலருக்கே போகும். குவார்ட்டர்பேக் ஜேடன் ரஷாடாவுக்கு ஃப்ளோரிடாவில் 1 கோடியே 38 லட்சத்துக்கு மேல் என்று பேசப்பட்ட ஒப்பந்தம் கைக்கு வராமலே போனது. 2023-ல் அங்கே சேராமல் விலகி, 2024-ல் வழக்குப் போட்டார். வாயால் சொன்ன தொகையை வீட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். வரும் பணத்துக்கு வரி பிடிக்காமல் கொடுப்பார்கள் என்பதால் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். உதவித்தொகையிலும் கல்விக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் போகும் பகுதிக்கு வரி இல்லை. அறைக்கும் சாப்பாட்டுக்கும் போகும் பகுதிக்கு உண்டு.

நம்மில் பலர் வீட்டில் பையன் எச்-4 விசாவில் (வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கானது) இருப்பான், 21 வயதில் மாணவர் விசாவான எஃப்-1 ஆக மாற வேண்டியிருக்கும். உதவித்தொகை வாங்க அது தடையில்லை. ஆனால் என்ஐஎல் வருமானம் வேலை என்று கருதப்பட்டால் விசாவுக்கே ஆபத்து. குடியேற்ற வழக்கறிஞர் பார்க்காமல் எதிலும் கையெழுத்து வேண்டாம். சக ஆட்டக்காரன் செய்கிறான் என்பது காரணமாகாது. எச்-4 பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவி கிடைக்காது, கிரீன் கார்டு இருந்தால் உண்டு. டிவிஷன் 3 கல்லூரி ஒன்றின் மொத்தச் செலவைப் பார்க்கும்போது இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும். ஆர்மி, நேவி, ஏர் ஃபோர்ஸ் கல்லூரிகளில் கட்டணமே இல்லை, ஆனால் குடியுரிமையும் பிறகு ராணுவச் சேவையும் வேண்டும்.

முடிவு, கையெழுத்து

2021 நவம்பர் கடைசியில் சில நாள் இடைவெளியில் லிங்கன் ரைலி ஓக்லஹோமாவை விட்டு யுஎஸ்சிக்குப் போனார், பிரையன் கெல்லி நோட்ர டேமை விட்டு எல்எஸ்யுவுக்குப் போனார். 2024 ஜனவரியில் நிக் சேபன் அலபாமாவில் ஓய்வு பெற்றார். கையெழுத்துக்குப் பத்து நாள் முன்போ ஒரு மாதம் பின்போ கோச் மாறுவது இங்கே அன்றாடம். எனவே மேசையில் உட்கார்ந்து இறுதிப் பட்டியலை எடுக்கும்போது, ஒவ்வொரு கல்லூரிக்கு எதிரேயும் எழுதியிருக்கும் கோச் பெயரை அடித்துவிட்டுப் பாருங்கள். அடித்த பிறகும் படிப்பு, செலவு, ஊர், அணியில் இருக்கும் பையன்கள் என்று எதற்காகவாவது மகன் அங்கே போக விரும்புகிறானா? நாங்கள் இப்படிச் செய்தபோது ஐந்தில் மூன்று கழன்றன. மிச்சம் ஒரு டிவிஷன் 2, ஒரு டிவிஷன் 3. இன்ஜினியரிங் லேப் கேள்விக்கு நேராகப் பதில் சொன்ன டிவிஷன் 3-ஐ எடுத்தான்.

முன்கூட்டியே கையெழுத்திடும் காலம் டிசம்பர் முதல் புதன்கிழமை தொடங்குகிறது; விட்டால் பிப்ரவரி முதல் புதன். நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்ற பழைய தாளை 2024 அக்டோபரில் ஒழித்துவிட்டார்கள். இப்போது கையெழுத்து விழுவது நிதியுதவி ஒப்பந்தத்தில். தொகை, எத்தனை வருடம், எந்த நிலைமையில் நிறுத்தலாம் என்ற மூன்றையும் வரிக்கு வரி படியுங்கள். டிவிஷன் 3-ல் ஒப்பந்தமே இல்லை. பள்ளி அரங்கில் மற்றவர்களோடு மேசையில் உட்கார ஆசைப்படும் பிள்ளைகளுக்காக, எதற்கும் கட்டுப்படுத்தாத கொண்டாட்டத் தாள் ஒன்றை என்சிஏஏ அனுமதிக்கிறது. என் மகன் அதில்தான் கையெழுத்துப் போட்டான். பாட்டிக்கு வாட்ஸாப்பில் போன போட்டோவில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

அதற்கு முந்தின நாள் ஒரு வேலை இருக்கிறது: வேண்டாம் என்று முடிவு செய்த கோச்சுகளுக்குப் பையனே போன் செய்து சொல்ல வேண்டும். மெசேஜ் போதாது. என் மகன் பள்ளி வாசலில் காரில் உட்கார்ந்து நான்கு பேரைக் கூப்பிட்டான். ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம்கூட இல்லை. இருவர் வாழ்த்திவிட்டு வைத்தார்கள், ஒருவர் எடுக்கவில்லை. அவனை நான்காமவன் என்று சொன்ன அந்தக் கோச் மட்டும், “இந்த எண்ணை அழித்துவிடாதே. ஒரு வருடம் கழித்து எனக்கு சேஃப்டி தேவைப்படலாம்” என்றார். அழிக்கவில்லை.